வெட்டிய துண்டும் ஒட்டிய துண்டும்

1734 வாக்கில் புதுச்சேரியில் அந்துவான் தெ போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சாயக்காரர்களைக் கொண்டு தன் கண்முன்னே ஒரு சீட்டித் துணிக்கு வண்ணமிடச் செய்தார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைத்தார்கள். காயவைத்து, கட்டையால் அடித்து வழவழப்பாக்கினார்கள். ஊசியால் துளையிட்ட காகிதத்தைத் துணிமேல் விரித்துக் கரிப்பொடி தட்டி உருவத்தை இறக்கினார்கள். இரும்புக் காடியில் கறுப்பு, படிகாரம் பூசிய இடத்தில் சாயவேர் ஏற்றிய சிவப்பு, மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரி நீலம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் போலியூ அந்தத் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பார்த்ததை எழுதி, துண்டுகளோடு சேர்த்துப் பாரிஸில் இருந்த துய் ஃபேய் என்ற வேதியியல் அறிஞருக்குக் கிடைக்கச் செய்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துண்டுகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

எட்டு ஆண்டு கழித்து, 1742-இல், அதே சோழமண்டலக் கரையிலிருந்து கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் துருவித் துருவிக் கேட்டு, தொழிலின் ஒவ்வொரு படியையும் அதில் பதிந்தார். கடுக்காய்க்குப் பிரெஞ்சில் பெயர் தேடாமல், நம் ஊர்ச் சொல்லையே பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். அந்தக் கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தொழில் ரகசியம் ஒரே தபாலில் கடல் தாண்டிவிட்டது.

இன்று இரண்டு தையல் எந்திரங்களோடு ஆடைத் தொழில் தொடங்கும் ஒருவர், தான் யோசித்து வரைந்த டிசைன் அடுத்த மாதமே வேறொரு கடையில் பாதி விலைக்குத் தொங்குவதைப் பார்க்கும்போது அடையும் வேதனை புதிதல்ல. அதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நம் கரைத் துணிதான் விரிந்து கிடக்கிறது.

சீட்டித் துணிமேல் ஐரோப்பாவுக்கு இருந்த மோகம் அங்கே உள்ளூர் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தது. பிரான்ஸ் 1686-இல் அதைத் தடை செய்தது. இறக்குமதிக்கு மட்டுமல்ல, உள்நாட்டில் அச்சிடுவதற்கும் தடை. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும் 1720-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. நடுவில், 1719-இல், லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்தி நடந்த பெண்களைத் துரத்தி, உடையைக் கிழித்தார்கள்.

தடை இருந்தும் ஆசை போகவில்லை. ஆசை போகாத இடத்தில் நகல் வளரும். தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், பாரிஸுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் தன் அச்சுத் துணி ஆலையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1774-இல் பருத்தித் துணிக்கான கட்டு தளர்ந்தது. நம் சாயக்காரர் தூரிகையாலும் மெழுகாலும் வாரக்கணக்கில் செய்ததை அவர்கள் மரக்கட்டையாலும் செப்புத் தகட்டாலும் செய்தார்கள். பிறகு உருளையாலேயே மைல் கணக்கில் அச்சடித்தார்கள்.

அதன் பிறகு நகலெடுத்தவர்களின் துணியையே அடுத்தவர் நகலெடுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் இங்கிலாந்துக்குச் சட்டம் தேவைப்பட்டது.

வில்லியம் கில்பர்ன் அயர்லாந்தில் பிறந்தவர். செடிகொடிகளை வரைவதில் தேர்ந்த கை அவருடையது. லண்டனைச் சுற்றி விளையும் தாவரங்களைப் பற்றி வில்லியம் கர்ட்டிஸ் வெளியிட்ட பெரிய நூலுக்குப் படம் வரைந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு சர்ரே பகுதியில் அச்சுத் துணிப் பட்டறை வைத்தார். கடற்பாசி அலையில் ஆடுவதுபோல அவர் மஸ்லினில் இறக்கிய வடிவங்களின் நீர்வண்ண மூலங்கள் இன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. அந்தத் துணிகள் லண்டன் கடைக்கு வந்த சில நாள்களிலேயே வடக்கே லங்காஷயருக்கு மாதிரி போய்விடும். அங்கே மட்டமான துணியில், குறைந்த சாயத்தில் அதே வடிவம் அச்சாகித் திரும்பி வரும். கில்பர்னும் லண்டன் அச்சுக்காரர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். லங்காஷயர் முதலாளிகள் எதிர்த்தார்கள்.

1787-இல் சட்டம் வந்தது. லினன், பருத்தி, காலிகோ, மஸ்லின் ஆகியவற்றில் அச்சிடும் புது வடிவத்துக்கு, அதை உருவாக்கியவரோ உடைமையாளரோ மட்டுமே உரியவர் என்றது. எவ்வளவு காலத்துக்கு? இரண்டு மாதம்! 1794-இல் அதை மூன்று மாதமாக்கினார்கள். இன்னொரு நிபந்தனையும் இருந்தது: துணியின் இரண்டு முனைகளிலும் உடைமையாளர் பெயர் பொறித்திருக்க வேண்டும். காலிகோ என்ற சொல்லே கோழிக்கோட்டுப் பெயரிலிருந்து வந்தது. மஸ்லினும் வங்கத்துத் தறிகளால் உலகப் புகழ் பெற்ற துணி. ஆங்கிலேயரின் முதல் துணி வடிவச் சட்டத்துக்குள் நம் ஊர்களும் தறிகளும் புகுந்திருந்தன; அவற்றில் உழைத்தவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை.

லியோன் நகரத்துக் கதை இதைவிடப் பழையது. பட்டு நெசவுக்குப் பேர்போன அந்தப் பிரெஞ்சு நகரத்தில், கட்டம் போட்ட தாளில் வடிவத்தை வரைவதே தனித் தொழில். ஒரு கட்டம் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. அந்தத் தாள் கையில் கிடைத்தால் எந்தத் தறியிலும் அதே பட்டை நெய்துவிடலாம். எனவே தாள் திருட்டு நடந்தது. தன்னை நம்பிக் கொடுத்த வடிவத்தைத் திருடவோ விற்கவோ இரவல் தரவோ கூடாது என்று 1711-இலேயே நகர நிர்வாகம் ஆணையிட்டது. 1806-இல் நெப்போலியன் காலத்துச் சட்டம் ஒன்று இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. புது வடிவம் செய்தவர் அதன் மாதிரியை மடித்து, உறையிலிட்டு, முத்திரை வைத்து, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் உள்ளூர் மன்றத்தில் ஒப்படைக்கலாம். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு அல்லது என்றென்றைக்கும் எனக் காலத்தை அவரே தேர்ந்துகொள்ளலாம். வழக்கு வந்தால் உறையைப் பிரிப்பார்கள்.

லண்டன் வேறு வழியில் போனது. 1839-இல் வடிவங்களைப் பதிவு செய்யும் அலுவலகம் வந்தது. 1842-இல் சட்டம் விரிவடைந்து பொருள்களை 13 வகுப்புகளாகப் பிரித்தது. பதிவான பொருளில் வைரக்கல் வடிவ முத்திரை இருக்கும். அதன் மூலைகளில் வகுப்பு, ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கான குறிகள். 1883 வரை இந்த முத்திரை நடைமுறையில் இருந்தது. அலுவலகத்தில் பெரிய பெரிய பேரேடுகள். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண் இட்டு, துணியின் ஒரு துண்டை ஒட்டிவைத்தார்கள். பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. மூடியே கிடந்ததால் வெயில் படாமல், நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ரோஜா நிறமும் பச்சையும் மங்காத துண்டுகள் அவற்றில் உண்டு.

அதே லண்டனில், அதே காலத்தில், துணித்துண்டு ஒட்டிய வேறொரு புத்தகமும் உருவானது.

ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியா ஆபீஸில் இந்தியப் பொருள்களைப் பற்றி அறிக்கை தரும் பதவியில் இருந்தவர். 1866-இல் அவர் 18 தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் 700 இந்தியத் துணி மாதிரிகள். தலைப்பாகை, வேட்டி, லுங்கி, புடவை, ரவிக்கைத் துணி, ஆரணி மஸ்லின் போன்றவை. முழுத் துணியைக் கத்தரித்துத் துண்டுகளாக்கி ஒட்டினார்கள். உடல் எப்படி, கரை எப்படி, முந்தி எப்படி என்பது தெரியும்படி கவனமாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு. எந்த ஊர்த் துணி, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு, விலை என்ன என்ற விவரங்கள். மொத்தம் 20 செட். 13 செட் பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போயின. 7 மட்டும் இந்தியாவுக்கு. அதில் ஒன்று சென்னைக்கு.

நோக்கத்தை வாட்சன் மறைக்கவில்லை. இந்தியர்களுக்கு என்ன பிடிக்கும், எந்த நீளத்தில் உடுத்துவார்கள், எந்தக் கரையை விரும்புவார்கள் என்பது மான்செஸ்டர் முதலாளிக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அதேபோல நெய்து இங்கே விற்க முடியும். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களின் ரசனை 18 தொகுதிகளுக்குள் அடங்கிவிட்டது.

இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பேரேட்டில் ஒட்டிய துண்டுக்குப் பக்கத்தில் உடைமையாளர் பெயர் உண்டு; யாரும் தொடக்கூடாது என்பதற்காக ஒட்டியது அது. வாட்சன் புத்தகத்தில் ஒட்டிய துண்டுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் உண்டு, எடை உண்டு, விலை உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காக ஒட்டியது. துணியின் அழகில் வேறுபாடு ஒன்றுமில்லை. பெயர் இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு.

மாங்காய் உருவுக்கு நேர்ந்ததும் இதுதான். காஷ்மீர்ச் சால்வைகளில் இருந்த அந்த வளைந்த உருவை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் 19-ஆம் நூற்றாண்டில் நகலெடுத்து நெய்து குவித்தன. இன்று உலகம் அதைப் பெய்ஸ்லி என்றே அழைக்கிறது. சென்னையிலேயே சில துணிக்கடைகளில் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். உரு போனதோடு பெயரும் போய்விட்டது.

இந்தியாவுக்கு வடிவப் பாதுகாப்புச் சட்டம் 1872-இல் வந்தது, வாட்சன் தொகுதிகள் வெளியாகி ஆறே ஆண்டில். பிறகு 1888, அடுத்து 1911, கடைசியாக இன்று நடப்பில் இருக்கும் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம். தலைமைப் பதிவகம் கொல்கத்தாவில். பதிவு செய்தால் பத்தாண்டுப் பாதுகாப்பு, கட்டணம் செலுத்தி மேலும் ஐந்தாண்டு நீட்டலாம். ஆடைகளுக்கு இரண்டாம் வகுப்பு, துணிகளுக்கு ஐந்தாம் வகுப்பு. 1787-இன் இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வளர்ச்சிதான்.

ஆனால் சட்டம் ஆலையை மனத்தில் வைத்துப் பிறந்தது. காஞ்சிபுரத்தின் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியும்.

காஞ்சிப் பட்டின் கோர்வையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெசவிலேயே கோக்க மூன்று நாடா ஓடவேண்டும். ஒரு பக்கக் கரைக்கு உதவியாள் உட்கார்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். முந்தியையும் தனியே இணைக்க வேண்டும். ஜக்கார்டு கருவி வருவதற்கு முன், பூவும் உருவமும் அடை என்ற நூல் அமைப்பில் தறியின் மேலேயே கட்டப்பட்டிருந்தன. வடிவம் காகிதத்தில் இல்லை. தறியில், அந்தக் குடும்பத்தின் கைப்பழக்கத்தில் இருந்தது. அதைத் திருட வேண்டுமானால் அந்தக் கைகளையே அழைத்துப் போக வேண்டும்.

1804 வாக்கில் லியோனில் ஜோசப் மரீ ஜக்கார் செய்த கருவி இந்த நிலையை மாற்றியது. இங்கே அது பரவிய பிறகு, வரைபவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணமிடுவார். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். ஒரு துளை இருந்தால் அந்த இழை ஏறும், இல்லாவிட்டால் இறங்கி நிற்கும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிமேல் மாலைபோலத் தொங்கவிடுவார்கள். அந்த மாலையைக் கழற்றி எடுத்துப்போய் வேறு தறியில் மாட்டினால் அங்கேயும் அதே மயில் தோகை விரிக்கும். மின்னணு ஜக்கார்டில் அட்டையும் இல்லை. விரலளவு பென் டிரைவ் போதும். வடிவம் கையை விட்டுத் தனியாகப் பிரிந்ததுதான் நகலின் உண்மையான தொடக்கம். லியோன் நகரம் 1711-இல் பயந்தது காஞ்சிக்கும் வந்து சேர்ந்தது.

எல்லா நகலையும் திருட்டு என்று சொல்வது நியாயமாகாது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி 1937-இல் நெசவுக்கூடம் தொடங்கியபோது, பழைய புடவைகளை மாதிரியாக வைத்துத்தான் மறந்துபோன நிறச்சேர்க்கைகளையும் அகலக் கரைகளையும் மீட்டார். மயில்கண், ருத்ராட்சம், கோபுரம், தாழம்பூ, வைரஊசி, பாலும் பழமும் என்ற கட்டம் ஆகியவை யாருடைய சொத்தும் அல்ல, எல்லோருடைய சொத்தும்தான். அவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துப்போய்ப் பதிவு செய்ய எவரையும் சட்டம் விடாது, விடவும் கூடாது. புதுமை அவற்றைச் சேர்க்கும் விதத்தில் இருந்தால், அந்தச் சேர்க்கைக்கு மட்டும் உரிமை கோரலாம்.

பொதுச் சொத்தைக் காக்க வேறு கருவிகள் வந்தன. 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்து சில ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்றது. விசைத்தறிக்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. தொடக்கத்தில் 22 ரகமாக இருந்த பட்டியல் பிறகு 11 ஆகச் சுருங்கியது. புவிசார் குறியீடு 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கும் திருபுவனம் பட்டுக்கும் 2019-இல் கிடைத்தது. இவை ஊரின் பெயரைக் காக்கின்றன. ஆனால் ஒரு நெசவாளர் நேற்று இரவு உட்கார்ந்து புதிதாக வரைந்த முந்தியைப் புவிசார் குறியீடு காக்காது. அதற்கு அவர் வடிவமைப்புகள் சட்டத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாசலில் இரண்டு படிகள் தடுக்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களில் பலர் விழுவது இவற்றில்தான்.

முதல் படி, நேரம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே வடிவம் உலகின் எந்த மூலையிலாவது வெளியாகியிருந்தால் பதிவு செல்லாது. வெளியிட்டவர் அதைச் செய்தவராகவே இருந்தாலும் இதுதான் நிலை. அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு, முன்கூட்டியே தெரிவித்தால், ஆறு மாதச் சலுகை உண்டு. இன்ஸ்டாகிராமுக்கு அந்தச் சலுகை இல்லை. தீபாவளிக்கு முன் ஆர்வமாகப் படம் போட்டு, விற்பனை நன்றாக இருக்கிறது என்று பொங்கலுக்குப் பிறகு பதிவுக்குப் போகிறவருக்கு, அவர் போட்ட படமே எதிர்ச் சாட்சி.

இரண்டாவது படி, 50 என்ற எண். வரைந்த ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு, பதிவு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது வேறு. வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால், பதிப்புரிமை போய்விடும். அந்த எண் பிரிட்டனின் பழைய விதிகளிலிருந்து வந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் 2008-இல் ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் நடத்திய வழக்கு முக்கியமானது. சில உடைகளே செய்யப்பட்டு, 50-ஐத் தாண்டாததால் ஓவியத்துக்கான பதிப்புரிமை நிலைத்தது. 2016-இல் இன்னொரு வடிவமைப்பாளரான ரித்து குமாரின் நிறுவனம் தொடுத்த வழக்கில் எண்ணிக்கை 50-ஐத் தாண்டியிருந்தது. வடிவமைப்பாகப் பதிவும் இல்லை. நீதிமன்றம் பதிப்புரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை. நாடறிந்த பெயருக்கே இந்த நிலை. அளவுக்கு ஐந்து என்று பத்து அளவில் ஒரு குர்த்தி தைத்தால் சிறு தொழில்காரர் 50-ஐத் தொட்டுவிடுவார். அடுத்த தையலோடு எல்லை தாண்டியாயிற்று.

பதிவு செய்தால் கிடைப்பதும் அள்ளிக் கொடுப்பதல்ல. ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாமல் தொகை கோரலாம். அல்லது இழப்பீடும் தடையாணையும் கேட்டு வழக்குத் தொடரலாம். சிறியவருக்கு உண்மையில் உதவுவது தடையாணைதான். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வடிவத்துக்கான விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு நல்ல பட்டுப்புடவையின் கரை விலைகூட இல்லை. சீசனுக்கு 40 வடிவம் போடுகிறவருக்கு எல்லாவற்றையும் பதிவது கட்டாது. ஓடும் என்று மனது சொல்லும் மூன்று நான்கைத் தேர்ந்து, கடைக்குப் போகுமுன் பதிவதுதான் அனுபவம் உள்ளவர்கள் செய்வது.

உறவு பார்த்துக் காகிதம் போடாமல் விடுவது நம் பழக்கம். பிரின்டிங் பட்டறைக்காரர் தெரிந்தவர், அட்டை குத்துபவர் சித்தப்பா மகன் என்று ஒப்பந்தம் எழுதாமல் வேலை கொடுத்துவிடுகிறோம். வரைந்தவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் நடுவே யாருடைய வடிவம் என்ற கேள்வி எழும்போது, கூலி கொடுத்து வரையச் சொன்னவரையே வடிவமைப்புகள் சட்டம் உரிமையாளராகக் கொள்ளும். 1787-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே வரைந்தவர், அச்சிட்டவர், உடைமையாளர் என்று மூவரும் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவர்தான் காலப்போக்கில் பின்னால் போனார். கிராப் தாளில் கண் வலிக்கக் கட்டம் நிரப்பும் காஞ்சி ஓவியர்களின் பெயர் எந்தப் புடவையின் முனையிலும் இல்லை. இந்தக் கட்டுரையின் மிகப் பெரிய மனக்குறை அதுதான்.

வாட்சனின் 18 தொகுதிகளில் ஒரு செட் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்தி ஆலைகளின் ஊர் அது. அந்தத் தொகுதிகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ ஒரு நெசவாளர் தறியில் இருந்தபடியே கைப்பேசியில் அவற்றைத் திறக்கலாம். படத்தைப் பெரிதாக்கினால் இழை எண்ணலாம். கரையின் சிவப்பு இன்னும் சிவப்பாகவே தெரியும். பக்கத்தில் இருக்கும் சீட்டில் நீளமும் அகலமும் எடையும் விலையும் படிக்கலாம்.

கொல்கத்தா பதிவகத்துக்கு அனுப்ப வேண்டியது படிவம் 1. அதில் விண்ணப்பதாரரின் பெயரும் முகவரியும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள்.